அழிக்கச் சொன்ன படத்தில் நானும் இருந்தேன்

போன வருஷம் வரலட்சுமி நோன்புக்கு முந்தைய நாள் காலை. இடம், மைசூர் தேவராஜ மார்க்கெட். நீங்கள் அந்த மார்க்கெட்டுக்கு வந்திருந்தால், கலர் கலராகக் குங்குமத்தைக் கோபுரம் கோபுரமாகக் குவித்து வைத்திருக்கும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு கோபுரத்துக்குப் பின்னால், தலையைப் படிய வாரிக்கொண்டு தயாராக ஓர் ஆசாமி நின்றிருப்பான். அது நான்தான்.

எதற்குத் தயாராக என்று கேட்டால், போட்டோவுக்கு.

நான் விற்பது குங்குமம், ஊதுபத்தி, வாசனை எண்ணெய். ஆனால் உண்மையைச் சொன்னால் என் முழுநேர உத்தியோகம் போஸ் கொடுப்பது. கல்லாவுக்குக் கீழே ஒரு சீப்பு நிரந்தரமாக இருக்கும். கேமரா தொங்கும் கழுத்து தூரத்தில் தெரிந்ததும் வயிறு தானாக உள்ளே போய்விடும். மூச்சை எவ்வளவு நேரம் அடக்க முடியும் என்பது படம் எடுப்பவரின் வேகத்தைப் பொறுத்தது. எத்தனையோ தேசத்து ஆல்பங்களில் நான் இருக்கிறேன். ஒரு படம்கூட என் கைக்கு வந்ததில்லை என்பது வேறு விஷயம். "உங்களைப் பார்த்தா எடுக்கறாங்க? பின்னாடி இருக்கிற குங்குமத்தை எடுக்கறாங்க" என்பாள் என் மனைவி. வீட்டில் அப்படித்தான், கலைக்கு மரியாதை கிடையாது.

படம் எடுக்க வருகிறவர்களில் பல ரகம் உண்டு. கேட்டுவிட்டு எடுப்பவர்கள் ஒரு ரகம். இவர்கள் குறைவு. வாழைத்தாரைக் குறி வைத்துவிட்டுக் கடைசி நொடியில் வாழைப்பழக்காரரை எடுப்பவர்கள் இன்னொரு ரகம். போனில் பேசுவதுபோல் நடித்துக்கொண்டு, "ஆமாம்மா, சாப்பிட்டேன்மா" என்று சொல்லிக்கொண்டே அதை நம் மூக்குக்கு நேராக நீட்டுபவர்களும் உண்டு. அவ்வளவு தூரத்தில் நீட்டினால் அம்மா சொல்வது எப்படிக் காதில் விழும் என்று யோசிக்கவே மாட்டார்கள். எல்லோரிலும் சாமர்த்தியசாலிகள், எதையாவது கொஞ்சம் வாங்கிவிட்டு, அதோடு கடைக்காரரின் முகத்தையும் சேர்த்து வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்பவர்கள்.

சந்துக்கு அந்தப் பக்கம், எனக்கு நேர் எதிரே பூக்கார அக்கா. ஹனூர் பக்கத்துக்காரர். எனக்கு நேர்மாறு. கேமரா தெரிந்தால் இடது உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவார். முகத்தைச் சுளிக்க மாட்டார், திட்ட மாட்டார். வலது கை பாட்டுக்குப் பூ கட்டிக்கொண்டே இருக்கும். பெரும்பாலானவர்கள் அந்தக் கையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

"என்னக்கா, டிராபிக் போலீசுக்கு ஆள் எடுக்கறாங்களா?" என்று சீண்டுவேன்.

"உம்பட மூஞ்சிதான் ஊர் ஊராச் சுத்துதே தம்பி. எம்பட மூஞ்சியாச்சும் வீட்டுல இருக்கட்டும்" என்பார்.

அந்த வாரம் அக்காவின் கடையில் ஒரு புது ஆள். இருபது சொச்சம் வயதுப் பெண். ஹனூரில் அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டில் வளர்ந்தவள். பாலாறு செக்போஸ்ட்டைத் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். வாழ்க்கை என்று சொல்கிறோமே தவிர, அவள் கன்னத்தைப் பார்த்தால் அதற்கு அந்தப் பெயர் பொருந்தாது என்று தெரியும். உடுத்திய சேலையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

வந்த அன்றே அக்கா என் கடைக்கு வந்து, ஊதுபத்தி வாசம் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டு சொன்னார். "புருசன் ஊட்டாளுங்க இவ சொந்தக்காரங்க ஊட்டுக்கெல்லாம் போயித் தேடிப்போட்டாங்களாம். என்னைய அவங்களுக்குத் தெரியாது. அதனாலதான் இங்க வந்திருக்குது. ஒரு வக்கீலம்மாவைப் பாத்திருக்கறோம். மனுப் போட்டு, கோர்ட்டுல பாதுகாப்பு வாங்கற வரைக்கும் அவ எங்க இருக்கறான்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. அந்தாளு கையில கெடைச்சா இந்தத் தடவ உசிரோட உட மாட்டான். நீதான் எதிர்ல இருக்கற. யாராச்சும் வந்து கேட்டா, அக்கா ஒத்தையாத்தான் உக்காந்திருக்குதுன்னு சொல்லு."

"சரிக்கா" என்றேன். பகடியாக ஏதாவது சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அபூர்வமான நிகழ்வு.

அந்தப் பெண் வாழையிலைக் கட்டுகளுக்குப் பின்னால், சுவரோரம் குனிந்து உட்கார்ந்து பூ கட்டுவாள். தலை நிமிரவே நிமிராது. சேலைத் தலைப்பு நெற்றிவரை இறங்கியிருக்கும். வீட்டில் தனியே விட்டுவரவும் பயம், கூட்டத்தில் வைத்துக்கொள்ளவும் பயம். அக்கா கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். கூட்டத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்பது அவர் கணக்கு. கேமரா மட்டும்தான் பார்க்கும்.

நோன்புக்கு முந்தைய நாள் எங்கள் மார்க்கெட்டில் கால் வைக்க இடம் இருக்காது. ஊரே பூவுக்கும் வாழைக்கன்றுக்கும் தாமரைக்கும் வந்து நிற்கும். அக்காவுக்கு வருஷம் முழுக்க இருக்கும் வியாபாரம் ஒரு பக்கம், அந்த ஒரு நாள் வியாபாரம் ஒரு பக்கம். பூவை மாரு கணக்கில் அளந்து கொடுப்பார். இரண்டு கையையும் விரித்தால் ஒரு மாரு. காலையிலிருந்து அவர் விரித்த கையை மடக்கவே இல்லை.

கொஞ்சம் கூட்டம் ஓய்ந்த நேரம் பார்த்து அந்தப் பெண்ணுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். சும்மா கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். என் நாக்கு அப்படிப்பட்டதல்ல. போன மாதம் ஒரு வெள்ளைக்காரர் வந்த கதையை ஆரம்பித்தேன். பெரிய கேமரா. என்னைப் பார்த்து ஏதோ சைகை செய்தார். நான் வயிற்றை உள்ளே இழுத்து, இடுப்பில் கை வைத்து நின்றேன். அவர் மறுபடி கையை ஆட்டினார். சரி, இந்தக் கோணம் வேண்டாம் போலிருக்கிறது என்று பக்கவாட்டில் திரும்பினேன். மறுபடி ஆட்டினார். ஒரு காலைத் தூக்கி ஸ்டூல்மேல் வைத்தேன். கடைசியில் அவரே பக்கத்தில் வந்து, என் தோளைப் பிடித்து, அன்பாக ஓர் ஓரத்தில் நகர்த்தி நிறுத்திவிட்டு, பின்னால் இருந்த குங்குமத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

இதைச் சொன்னால் போதாது, நடித்துக் காட்ட வேண்டும். சந்துக்கு நடுவில் நின்று இடுப்பில் கை வைத்து, காலைத் தூக்கி, வெள்ளைக்காரர் என்னை நகர்த்தியதுபோல் என்னை நானே நகர்த்திக் காட்டினேன்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். வந்த நாளிலிருந்து முதல் சிரிப்பு. தலை நிமிர்ந்தது, தலைப்பு நழுவியது, வாயெல்லாம் பல். அக்கா பூவை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

கிளிக்.

திரும்பிப் பார்த்தால், தொப்பி போட்ட ஓர் இளைஞர். உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த சட்டை. கையில் கேமரா. பெங்களூரிலிருந்து குழுவாக மார்க்கெட்டைப் படம் பிடிக்க வந்திருந்தவர்களில் ஒருவர். கொஞ்சம் முன்னால்தான் அக்காவிடம் பூ வாங்கிக்கொண்டு போயிருந்தார். அக்காவின் உள்ளங்கை மேலே எழுந்தது. ஆனால் படம் ஏற்கெனவே அவரிடம் போய்விட்டது.

"ஏனுங் தம்பி, அதைய அழிச்சுப்போடுங்க" என்றார் அக்கா.

"அக்கா, சூப்பரா வந்திருக்கு! நான் உங்ககிட்டதானே பூ வாங்கினேன்?" என்றார் அவர். வீட்டில் தமிழ் பேசுகிறவர்தான், ஆனால் கன்னடத்தில் யோசித்துவிட்டுத் தமிழில் பேசுவது தெரிந்தது.

"பூ வாங்குனீங்க, பூவைக் குடுத்தேன். மூஞ்சியக் குடுக்கலீங்களே."

அவர் சிரித்துக்கொண்டே கையசைத்துவிட்டுக் கூட்டத்தில் கலந்தார். அந்தப் பெண் தலைப்பை இழுத்துக்கொண்டாள். முகத்தில் சிரிப்பு இருந்த இடத்தில் இப்போது வேறு ஒன்று. "அக்கா, அவரு இத நெட்டுல போட்டா? எங்கூட்டுக்காரரு நாள் பூரா போனத்தான் நோண்டிட்டு இருப்பாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"நான் பார்த்துக்கறேன்" என்று கிளம்பினேன். எனக்கு இருந்த நம்பிக்கை எனக்கே ஆச்சரியம்.

காய்கறி வரிசையில் அவரைப் பிடித்தேன். இங்கேதான் ஒரு சிக்கல். உண்மைக் காரணத்தைச் சொன்னால் அடுத்த நொடி அழித்துவிடுவார். ஆனால் உண்மையைச் சொல்லக் கூடாது. ஊர் பேர் தெரியாத ஒருவரிடம் அந்தப் பெண்ணின் கதையைச் சொல்வதும் படத்தை நெட்டில் போடுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே பொய் சொல்வது என்று முடிவு செய்தேன். அந்தத் துறையில் எனக்கு அனுபவம் உண்டு. தினமும் "இது அசல் சந்தனம்" என்று சொல்கிறவன்.

"சார், ஸ்வல்ப நில்லுங்க. அவங்களுக்கு இன்னும் போணி ஆகல. போணி ஆகறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தா அன்னைக்கு வியாபாரமே படுத்துடும். மார்க்கெட் வழக்கம்."

போணி, அதாவது நாளின் முதல் விற்பனை. வழக்கம் என்னவோ உண்மைதான்.

"அங்கிள், நானே அவங்ககிட்ட பூ வாங்கினேன். எனக்கு முன்னாடி க்யூவே நின்னுச்சு."

அங்கிள் என்றதில் பாதி பலம் போய்விட்டது. மீதி பலத்தைத் திரட்டி அடுத்த பொய்யை எடுத்துவிட்டேன். "அதாவது, அவங்க ஒரு வேண்டுதல்ல இருக்காங்க. நோன்பு முடியற வரைக்கும் உருவம் பதியக் கூடாது. குலதெய்வத்து உத்தரவு."

அவர் கண்கள் விரிந்தன. "அப்படியா? எந்தக் கோயில் அங்கிள்? அடுத்த ட்ரிப் அங்கேயே போட்டுடலாம்!"

குழுவில் இருந்த இன்னும் இரண்டு பேர் கேமராவோடு நெருங்கி வந்தார்கள். ஒரு படத்தை அழிக்க வந்தவன், ஒரு கோயிலையே காட்டிக் கொடுக்க இருந்தேன். "கோயில் மூடியிருக்கு, ரிப்பேர்" என்று சமாளித்தேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். இது பொது இடம், படம் எடுக்கச் சட்டத்தில் தடை கிடையாது. அசிங்கமாக எதையும் எடுக்கவில்லை, மகிழ்ச்சியாகச் சிரிப்பதைத்தான் எடுத்திருக்கிறார். மதியம் சாப்பிட உட்காரும்போது மார்க்கெட் பேரோடு தன் பக்கத்தில் போடப் போகிறார். பார்க்கிறவர்கள் ஏராளம். "அவங்களுக்கே பெருமையா இருக்கும் அங்கிள்."

திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். மதியச் சாப்பாடு, மார்க்கெட் பேர், ஏராளமானவர்கள். அக்கா வாளித் தண்ணீரைப் பூவின்மேல் தெளித்தார். ஈரச் சாக்கை எடுத்து எல்லாவற்றையும் மூடினார். எழுந்து நின்றார்.

நோன்புக்கு முந்தைய நாள், சரக்கு தீர்வதற்குள் அக்கா எழுந்து நான் பார்த்ததே கிடையாது. மழை கூரை வழியே ஒழுகின வருஷம்கூட ஒரு குடையை நட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவர்.

"பூ, மாரு எஷ்டு?" என்று விலை கேட்டுக்கொண்டு வந்த ஒரு வாடிக்கையாளர் அம்மாளிடம், "ஆமேலே பன்னிம்மா" என்றார். அப்புறம் வாருங்கள் என்று. அந்த அம்மாள் அக்காவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பட்டப்பகலில் பாங்கியை மூடியதுபோல் பார்த்தார்.

அந்தப் பெண்ணை என் கடைக்குள், ஊதுபத்திப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார வைத்து, முன்பக்கம் துணியை இழுத்துவிட்டேன். பக்கத்து வெற்றிலைக்காரரிடம் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளச் சொன்னேன். இருவரும் கிளம்பினோம்.

வழியில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் யோசனைகள் எல்லாமே நடக்கும்போது தோன்றுபவை. உட்கார்ந்து யோசித்திருந்தால் பாதி தோன்றியிருக்காது. "அக்கா, உங்க போன்ல நாமும் அவரைப் படம் எடுப்போம். போற இடமெல்லாம் பொறத்தாலயே போய் எடுப்போம். பொது இடம்தானே? அப்பத்தான் தெரியும், கூச்சம்னா என்னன்னு."

"அதெல்லாம் ஆகுமா தம்பி?"

"ஆகும்க்கா. மனுஷ சுபாவம் எனக்குத் தெரியும்."

சிக்க கடியாரா என்று ஊரார் சொல்லும் சின்ன மணிக்கூண்டுப் பக்கத்து வாசலில் அவர் இருந்தார். கத்தரிக்காய்க் குவியலுக்கு எதிரே, ஏறக்குறையத் தரையில் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நாக்கு நுனியை வெளியே நீட்டியபடி படம் எடுத்துக்கொண்டிருந்தார். மனிதனைக் கூச வைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அக்கா கீறல் விழுந்த தன் போனை எடுத்து ஒன்று எடுத்தார். எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டும்போது ஒன்று. வாசலில் சுருமுரி வாங்கி வாய் நிறையப் பொரியோடு மெல்லும்போது ஒன்று.

அவர் பார்த்துவிட்டார். எங்களை நோக்கி வந்தார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"அக்கா, என்னையா எடுத்தீங்க? ஐயோ, தேங்க்ஸ்! எல்லாரையும் நான் எடுக்கறேன், என்னை யாருமே எடுக்க மாட்டேங்கறாங்க. காட்டுங்க, காட்டுங்க. இது நல்லா இருக்கே! இன்னொண்ணு எடுங்க, ஸ்வல்ப இந்தப் பக்கம் வெளிச்சத்துக்கு வாங்க." தொப்பியைச் சரி செய்துகொண்டு, இடுப்பில் கை வைத்து, வயிற்றை உள்ளே இழுத்து நின்றார்.

கண்ணாடியில் பார்த்ததுபோல் இருந்தது. மனுஷ சுபாவம் தெரியும் என்று சொன்னேனே, அதில் என் சொந்த சுபாவத்தைச் சேர்க்க மறந்துவிட்டேன். என்னைப்போலவே இன்னொரு பிறவி உலகத்தில் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன் பொருளை இங்கே எழுத முடியாது.

எங்களைச் சமாதானப்படுத்தும் எண்ணத்தில் அவர் கேமரா திரையைத் திருப்பிக் காட்டினார். "நீங்களே பாருங்க அங்கிள். இதை எப்படி அழிக்கறது?"

பார்த்தேன். கூரை இடுக்கு வழியாக ஒரு வெளிச்சக் கீற்று சாய்வாக விழுந்திருந்தது. அது நேராக என் தலையில். ஒரு காலைத் தூக்கி, கையை விரித்து, கூத்தாடிபோல் நின்றேன். வயிறு இல்லை. தலையில் முடி இருந்தது, நிறைய இருந்தது! இத்தனை வருஷம், இத்தனை பேர் எடுத்து, எவருக்கும் வராத படம். எனக்குப் பின்னால், இலைக் கட்டுகளுக்கு மேலே அவள் முகம். சிரிப்பு. அவளைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா. நாங்கள் மூன்று பேரும் ஒரு வீட்டு ஆட்கள்போல் இருந்தோம்.

அழகான படம். அதில் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"வேணும்னா அந்தப் பொண்ணை கட் பண்ணிட்டு உங்களை மட்டும் வெச்சுக்கறேன் அங்கிள். உங்களுக்கும் அனுப்பறேன்" என்றார்.

இங்கே ஒரு கணம் நான் தடுமாறினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். முழுசாக ஒரு கணம். என் தலைமுடிக்காக.

"பாதி வேல வேண்டாமுங்க" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "தம்பி, ஏன்னு கேக்கறீங்க. சொல்ல முடிஞ்சிருந்தா அங்கயே சொல்லிப்போட்டிருப்பனுங்க. சொல்ல முடியாதுங்க. அதைய மட்டுந்தான் சொல்ல முடியும். இவன் வந்து போணி, கோயிலுன்னு என்னென்னமோ சொல்லியிருப்பான், அதெல்லாம் புளுகு. என்னையப் பாத்தா வேல இல்லாம உங்க பொறத்தால சுத்தறவளாட்டமா இருக்குது? நாளைக்கு நோன்பு. எம்பட பூவெல்லாம் அங்க சாக்குக்கடியில கெடக்குது. போட்டுப்போட்டு வந்திருக்கறேன்."

சொல்லும்போது கையை நீட்டினார். ஆள்காட்டி விரலில் பூ கட்டும் வாழைநார் சுற்றியபடியே இருந்தது. அவிழ்க்காமலே எழுந்து வந்திருக்கிறார்.

அந்த இளைஞர் நாரைப் பார்த்தார். வாசலில் வாழைக்கன்றும் பூவுமாக முட்டி மோதிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். அன்று காலை முழுவதும் அதைத்தானே படம் எடுத்திருந்தார்! அந்த நாளில் ஒரு பூக்காரர் கடையை விட்டு வருவதென்றால் என்ன என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "எங்கம்மாகூட காலையிலேர்ந்து போன் பண்றாங்க, பூ வாங்கிட்டு வா, மறந்துடாதேன்னு" என்று முணுமுணுத்தார், சம்பந்தமே இல்லாததுபோல்.

பிறகு எதுவும் கேட்காமல் பொத்தானை அழுத்தினார். திரையை எங்களிடம் காட்டினார். அந்தப் படம் இருந்த இடத்தில் அடுத்த படம், கத்தரிக்காய். நான் போய் அங்கே கத்தரிக்காய் வந்திருந்தது.

"ரொம்ப சந்தோசமுங்க" என்று அக்கா திரும்பிவிட்டார். நானும் திரும்பினேன். நாலு அடி நடந்திருப்போம்.

"அங்கிள், ஒரு நிமிஷம்."

நின்றோம். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இந்தக் கேமராவுல ரெண்டு கார்டு. ஒண்ணுல எடுத்தா இன்னொண்ணுலயும் தானா ஏறிடும். அதுல இன்னும் இருக்கு."

எனக்கு அது தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எங்கள் ஆயுசுக்கும் தெரிந்திருக்காது. கேமராவின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, இரண்டாவது கார்டையும் காட்டி, அதிலும் அழித்தார். அப்புறம் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். "எங்க குரூப்ல ஒரு தடவை அனுப்பிட்டேன், சும்மா காட்டறதுக்கு." அதை எல்லோருக்குமாக அழித்தார். போனில் அழித்தவை போய்த் தங்கும் இடம் ஒன்று உண்டாம், அங்கேயும் போய் அழித்தார். வாசலில் நின்றிருந்த தன் கூட்டாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "அந்த பூ மார்க்கெட் படம் யாராவது சேவ் பண்ணீங்களா?" என்று கேட்டார். ஒரு பெண் பண்ணியிருந்தாள். "ஏன், நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள்.

"தெரியாது. வேண்டாம்னாங்க, அவ்வளவுதான்" என்றார் அவர். அவளும் அழித்தாள்.

பொது இடம், சட்டம் என்று எனக்கு வகுப்பெடுத்த அதே மனிதர்.

எங்கள் கடைக்கு அவரை அழைத்துப்போக முடியாத நிலை. அக்கா, "உங்க வண்டி எங்க நிக்குதுங்க?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். கடைக்குத் திரும்பியதும் சாக்கை விலக்கி, இருந்ததில் நல்ல மல்லிகையாக ஒரு மாரு அளந்து, இலையில் பொதிந்து என்னிடம் கொடுத்தார். "அவங்கம்மாவுக்குன்னு சொல்லு." ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் கேமராவை எடுத்து, "அங்கிள், உங்களை மட்டும் ஒண்ணு எடுக்கட்டுமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு எடுக்கும் ரகத்தில் சேர்ந்துவிட்டார். மூச்சிரைக்க ஓடி வந்ததில் வயிற்றை இழுக்க முடியவில்லை. அந்தப் படத்தை அனுப்பவும் செய்தார். என் மனைவி பார்த்துவிட்டு, "குங்குமம் இல்லாம எடுத்தா இப்படித்தான் இருக்கும்" என்றாள்.

ஊதுபத்திப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணை வெளியே கூப்பிட்டபோது, தும்மித் தும்மி மூக்கு சிவந்திருந்தது. படம் போய்விட்டது என்றோம். எந்தெந்த இடத்தில் அழித்தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னாள். அப்புறம்தான் நாரைக் கையில் எடுத்தாள். அன்று விட்ட வியாபாரத்தைப் பிடிக்க மூன்று பேரும் சேர்ந்து பூ கட்டினோம். நான் கட்டியதை அக்கா அவிழ்த்து மறுபடி கட்டினார்.

சில வாரங்களில் கோர்ட்டில் அவளுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. இப்போது ஓர் ஊரில் வேலையில் இருக்கிறாள். எந்த ஊர், என்ன வேலை என்று எழுத மாட்டேன். எழுதினால் இவ்வளவு நேரம் நான் சொன்னதற்கே அர்த்தமில்லை. அக்காவிடமும் அவளிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆள் தெரியாமல் இருக்கச் சில விஷயங்களை மாற்றியிருக்கிறேன். எவை என்று கேட்காதீர்கள். என் தலைமுடி விஷயத்தை மட்டும் மாற்றவில்லை.

அந்த ஊருக்குக் கிளம்பிய அன்று அவள் என் கடைக்கு வந்து நின்றாள். தலைப்பு தோளில்தான் இருந்தது.

"அண்ணா, அந்த போட்டோவுல நான் எப்பிடி இருந்தேன்?"

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. அந்தப் படத்தை நான் பார்த்தேன், அக்கா பார்த்தார், பெங்களூர்க் குழு முழுவதும் பார்த்தது. அவள் மட்டும் பார்க்கவில்லை.

"வாய் நிறையச் சிரிச்சிட்டு இருந்தேம்மா."

"நானா?"

"நீதான். என் ஜோக்குக்கு."

"அப்ப அது வேற யாராச்சும் இருக்கும்ணா" என்றாள், சிரித்துக்கொண்டே. எதிரே அக்கா என்னை விடச் சத்தமாகச் சிரித்தார்.

நான் இன்றும் சீப்போடுதான் நிற்கிறேன். யார் வந்தாலும் போஸ் கொடுக்கிறேன். ஆனால் லென்ஸ் எதிர்ப்பக்கம் திரும்பினால் வயிற்றை வெளியே விட்டுவிட்டு நடுவில் போய் நின்றுகொள்கிறேன். அந்த வயிற்றைத் தாண்டி எந்தக் கேமராவும் எதையும் பார்க்க முடியாது. இத்தனை வருஷத்தில் அதனால் கிடைத்த ஒரே உபயோகம். கேட்டுவிட்டு எடுங்கள் என்கிறேன். முடியாது என்றால், ஏன் என்று கேட்காதீர்கள் என்கிறேன். சிலர் முறைக்கிறார்கள், சிலர் சட்டம் பேசுகிறார்கள். பேசட்டும், நான் நகர்வதாக இல்லை.

ஏனென்றால், உயர்ந்து நிற்கும் ஓர் உள்ளங்கைக்குப் பின்னால் யாருடைய உயிர் ஒளிந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இருக்கலாம், தெரியவே வேண்டாம். காரணம் கேட்காமல் ஒருவர் கேமராவைத் திறந்து, "இன்னொரு கார்டு இருக்கு" என்று தானே சொன்ன அந்த நாளிலிருந்து, அந்த உள்ளங்கை ஒன்றே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.